இரும்பு ரிம், ஒரு படி பெரிய டயர்: திருகோணமலை நிலத்துக்கு எது போதும்?

டபுள் கேப் ஒன்றோ, நாலு பேர் கைமாறிய பழைய ஜீப் ஒன்றோ வாசலில் வந்து நின்றதும் அநேகமானோர் கேட்கும் முதல் கேள்வி, "இதுக்கு எவ்வளவு பெரிய டயர் போடலாம்?" என்பதுதான். கேள்வியில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு இருக்கின்றன. இந்த வாகனம் வழக்கமாக எங்கே புதைகிறது? டயரைத் தாங்கப்போகும் ரிம் எப்படிப்பட்டது? இவை தெரியாமல் டயர் கடைக்குப் போனால், கடையில் அன்றைக்கு என்ன அளவு இருக்கிறதோ அதுதான் நமக்குப் பொருத்தமான அளவாகிவிடும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருகோணமலை மாவட்டத்துக்குள் வயல், கடற்கரை, காட்டோரப் பாதை என்று ஓடுகிற ஒரு ஃபோர் வீல் வாகனத்துக்கு, கம்பனி கொடுத்த அளவைவிட ஒரு படி உயரமான, அகலம் அதிகம் கூடாத டயர் போதும். அதை மாட்ட, கம்பனி ரிம்மின் அளவுகளோடு ஒத்துப்போகிற இரும்பு ரிம். அதற்கு மேல் செய்வதெல்லாம் பெரும்பாலும் தோற்றத்துக்காகத்தான். தோற்றத்துக்காகச் செய்வது குற்றமில்லை. அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு செய்தால் சரி.

இங்கே நிலம் ஒரே மாதிரி இல்லை. கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்தது. அதற்கு முன் மூதூர், வெருகல் பக்கம் தரை வழியாகப் போனவர்களுக்கு மிதவைப் பாதையில் ஏறி இறங்கிய அலுப்பு நினைவிருக்கும். இப்போது மட்டக்களப்பு வீதியிலும் கண்டி வீதியிலும் அனுராதபுரம் வீதியிலும் காபட் போட்டாயிற்று. ஆகவே காட்டுக்கும் வயலுக்கும் என்று வாங்கிய வாகனமானாலும் அதன் ஓட்டத்தின் பெரும்பகுதி தார் வீதியில்தான். முதலில் ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை இது. தார் வீதியில் நன்றாக நிற்காத, மழையில் வழுக்குகிற டயர் ஒன்றை, வருடத்தில் சில நாள் சேற்றுக்காக மற்ற எல்லா நாளும் சுமந்து திரிவது நல்ல பேரம் இல்லை.

வீதியை விட்டு இறங்கினால் மூன்று வகை நிலம் வருகிறது. வடக்கே உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை வரை மணல். தம்பலகாமம், கந்தளாய், மூதூர், வெருகல் பக்கம் வயற்சேறு. மேற்கே மொறவெவ, கோமரங்கடவெலப் பக்கம் கிரவலும் கல்லும். இந்த மூன்றும் டயரிடம் கேட்பது மூன்று விதமானவை. சிலவேளை ஒன்றுக்கொன்று முரணானவை.

மணலில் அகலத்தைவிடக் காற்று முக்கியம்

மணலுக்கு அகலமான டயர் வேண்டும் என்ற நம்பிக்கை நம்மவர்களிடம் ஊறியிருக்கிறது. வளைகுடா நாடுகளில் வேலை செய்து வந்தவர்கள் பாலைவனத்தில் பெரிய டயர் போட்ட வண்டிகள் ஓடுவதைக் கண்ணால் பார்த்தவர்கள். அவர்கள் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் அந்த வண்டிகள் மணலில் இறங்கும் முன் டயரில் காற்றை இறக்குவதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. உண்மையில் வேலை செய்வது அதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளும் சாமானும் ஏற்றிய டபுள் கேப் ஒன்றில், ஒரு சில்லின் மேல் 500 கிலோ இறங்குகிறது என்று வைப்போம். டயருக்குள் 35 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், அது ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 2.5 கிலோ. அந்தப் பாரத்தைத் தாங்க டயர் நிலத்தில் சுமார் 200 சதுர சென்ரிமீற்றர் பதிய வேண்டும். காற்றை 18 ஆகக் குறைத்தால் பதியும் பரப்பு 400 அளவுக்குப் போகிறது. டயரின் பக்கச் சுவரும் தன் விறைப்பால் கொஞ்சம் பாரத்தைத் தாங்கிக்கொள்வதால் நடைமுறையில் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது. ஆனால் போக்கு இதுதான். கவனித்தால், இந்தக் கணக்கில் டயரின் அகலம் எங்கேயும் வரவில்லை. அதே காற்றோடு அகலமான டயரைப் போட்டால் பதியும் பரப்பின் வடிவம் மாறும். பரப்பு பெரிதாக மாறாது. காற்றை இறக்கும்போது அந்தப் பரப்பு நீளவாக்கில் இழுபடுகிறது. மணலைத் தள்ளிக்கொண்டு போகாமல் அதன் மேல் ஏறிப்போக அந்த நீளம்தான் உதவுகிறது. இதற்கு ஐந்து சதம் செலவில்லை.

இணையத்தில் அவுஸ்திரேலியக் கடற்கரை வீடியோக்களைப் பார்த்துவிட்டு, வற்று நேரத்தில் ஈர மணலில் ஓட்டலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே கடல் வெகுதூரம் வற்றும். அகலமான கெட்டி மணல் கிடைக்கும். நம்முடைய கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. கெட்டியான ஈர மணல் ஒரு ஒடுங்கிய பட்டிதான்; அதுவும் பல இடங்களில் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். மாரியில் வாடைக்காற்றோடு அலை வந்து கரையை வெட்டினால் அந்தப் பட்டியும் இல்லை. ஆக, இங்கே கரைவலை வாடிக்கு மீன் ஏற்றப் போகிற வாகனம் மேலே கிடக்கும் காய்ந்த மணலில்தான் ஓடியாக வேண்டும். காற்றை இறக்காமல் ஓட்டினால் எந்த டயர் போட்டாலும் உழவு இயந்திரத்தைக் கூப்பிட்டு இழுக்க வேண்டி வரும்.

எவ்வளவு இறக்கலாம்? சாதாரண ரிம்மில் 18, அவசரத்துக்கு 15. அதற்குக் கீழே போனால், கூர்மையாகத் திருப்பும்போது டயரின் ஓரம் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். திரும்ப காபட் வீதிக்கு ஏறியதும் காற்றடிக்க வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாக ஓடினால் பக்கச் சுவர் ஓயாமல் மடிந்து விரிந்து சூடேறி, உள்ளே கெட்டுப்போகும். அது வெளியே தெரியாது, பிறகு ஒருநாள் வெடிக்கும். அதனால் பற்றரியில் ஓடும் ஒரு சின்னக் காற்றுப் பம்பும் காற்றளக்கும் மானியும் வாங்காமல் பெரிய டயர் வாங்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. அவற்றின் விலை ஒரு டயரின் விலையைவிட எவ்வளவோ குறைவு.

வயற்சேறு வேறு கதை. நெல் வயலில் வருடா வருடம் உழுது மிதித்ததால் மேலே குழைந்த சேறும், அதற்குக் கீழே இறுகிய ஒரு தட்டும் இருக்கும். உயரமான, ஒடுக்கமான டயர் சேற்றை வெட்டிக்கொண்டு இறங்கி அந்த இறுகிய தட்டில் காலூன்றிப் போகும். அகலமான டயர் சேற்றின் மேல் மிதக்கப் பார்க்கும். இரண்டு தொன் வாகனத்தை மிதக்க வைக்க அதனால் முடியாது, பிடிக்கவும் ஒன்றும் கிடைக்காது. பழைய லாண்ட் ரோவர்களில் 7.50 ஆர் 16 என்ற ஒடுக்கமான டயரைப் போட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் மகாவலி கொண்டுவந்து கொட்டிய வண்டல் ஆழமாகக் கிடக்கிற மூதூர், வெருகல் பக்கத் தாழ்நிலங்களில், பெரும்போகத்து மழைக்குப் பிறகு எல்லா இடத்திலும் அடித்தட்டு எட்டும் என்று சொல்ல முடியாது. அப்படியான இடத்துக்கு எந்த டயரும் மருந்தில்லை. வரம்போரம் நிறுத்திவிட்டு நடப்பதுதான் வழி.

கிரவல் பாதையில் பிரச்சினை பக்கச் சுவர். கூரான கல், வெட்டிவிட்ட மரக்கட்டையின் முனை, காய்ந்த முள். அடிப்பக்கத்தில் ஏறும் முள் வெறும் பஞ்சர். டியூப்லெஸ் டயரானால் பிளக் போட்டுக்கொண்டு போய்விடலாம். பக்கச் சுவர் கிழிந்தால் டயரே போயிற்று.

இரும்பு ரிம் ஏன்?

"இரும்பு பலம், அலோய் பலவீனம்" என்று பொதுவாகச் சொல்வார்கள். அது அரைவாசி உண்மை. நல்ல அலோய் ரிம் நன்றாகவே பாரம் தாங்கும். ரேஸ் ஓடுபவர்கள் அடித்து உருவாக்கிய அலுமினிய ரிம்களைத்தான் போடுகிறார்கள். வித்தியாசம் உடைகிற விதத்தில் இருக்கிறது. சந்தையில் கிடைக்கும் அலோய் ரிம்களில் பெரும்பாலானவை வார்ப்பு அலுமினியம். பலமாக ஒரு கல்லில் மோதினால் அது வளைவதற்கு அதிகம் இடம் கொடுக்காமல் வெடிக்கும், சிலவேளை ஒரு துண்டே பெயரும். இரும்பு ரிம் நெளியும். நெளிந்த விளிம்பைப் பெரிய சுத்தியலால் தட்டி, காற்று நிற்கிற அளவுக்கு நிமிர்த்திக்கொண்டு வீடு வந்து சேரலாம். ஈச்சிலம்பற்றில் ஒரு சின்ன டயர் கடையிலும் அதைச் செய்வார்கள். வெடித்த அலோய் ரிம்மை அங்கே யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. இரும்பை நான் பரிந்துரைப்பதற்கு முக்கிய காரணம் இது ஒன்றுதான். இன்னொன்று விலை: ஒரு ரிம் போனால் மாற்றுவது மலிவு.

தட்டி நிமிர்த்திய ரிம்மை அப்படியே வருடக்கணக்கில் ஓட்டலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. வீடு வந்த பிறகு சுழற்றிப் பார்த்து, நெளிவு அதிகமென்றால் மாற்ற வேண்டும். இரும்பிலும் வெடிப்பு வரும். நட் துளைகளைச் சுற்றியும், நடுத்தட்டு வெளி வளையத்தோடு ஒட்டுப் போட்டிருக்கும் இடத்திலும் மெல்லிய கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின் மேல் வெல்டிங் பிடித்து ஓட்டலாம் என்று சொல்லும் பாஸ்மாரை நம்ப வேண்டாம்.

இரும்பின் குறை பாரம். அதே அளவு அலோய் ரிம்மோடு பார்த்தால் ஒவ்வொரு சில்லிலும் சில கிலோ கூடும். அந்தப் பாரம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பதால், கிரவல் பாதையில் அலையலையாக வரும் மேடு பள்ளத்தில் சில்லு நிலத்தை விட்டுத் துள்ளுவது கூடும். சொக் அப்சோபருக்கும் வேலை கூடும். பெரிய டயரும் தன் பங்குக்குப் பாரம் கூட்டும். ரிம்மில் கூடியது, டயரில் கூடியது இரண்டையும் சேர்த்தால் ஸ்டியரிங் மந்தமாவதும் டீசல் கூடுவதும் ஓட்டுபவருக்கு முதல் நாளே தெரியும்.

அடுத்தது உப்பு. கடலோரத்தில் இருக்கிற நமக்கு இது சின்ன விஷயமில்லை. இரும்பு ரிம்மில் பெயின்ற் பெயர்ந்த இடத்திலெல்லாம் துரு பிடிக்கும். வெளியே தெரிகிற துரு அசிங்கம் மட்டுந்தான். டயர் வந்து ஒட்டி உட்காரும் உள் விளிம்பில் பிடிக்கிற துருதான் ஆபத்து. டியூப்லெஸ் டயரில் காற்றை அடைத்து வைப்பது அந்த விளிம்பு. அங்கே துரு பூத்தால் காற்று மெதுவாகக் கசியும். வாரம் ஒருமுறை ஐந்தாறு பி.எஸ்.ஐ. குறையும், ஆணி எங்கே என்று தேடினால் ஆணி இருக்காது. டயர் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் அந்த விளிம்பைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, பிறைமர் அடித்து, பெயின்ற் பூசினால் பிரச்சினை தள்ளிப்போகும். கடற்கரைக்குப் போய்வந்தால் நல்ல தண்ணீரால் ரிம்மின் உள்பக்கத்தையும் கழுவ வேண்டும். உள்பக்கம் என்றுதான் சொல்கிறேன். வெளிப்பக்கத்தை எல்லோரும் கழுவுகிறார்கள். அலோய்க்கு உப்பு ஒன்றும் செய்யாது என்று நினைத்துவிடவும் கூடாது. அலுமினியமும் அதே விளிம்பில் வெள்ளையாகப் பூத்துக் காற்றை விடும். சில்லை மாட்டுகிற இரும்பு ஹப்போடு ஒட்டிப்போய்ச் சில்லைக் கழற்றவே முடியாமல் பண்ணும்.

பொருந்துவதும் பொருந்தாததும்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு அது மறுபடி திறக்க 2025 பெப்ரவரி ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். ஒரு வாகனத்தின் ரிம்மை இன்னொன்றுக்கு மாட்டுகிற பழக்கமும் அதோடு வளர்ந்தது. "ஆறு நட், அப்படியே ஏறும்" என்பார்கள். ஏறும், உண்மைதான். ஏறுவது எல்லாம் பொருந்துவது ஆகாது.

முதலில் பி.சி.டி., அதாவது நட்டுகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம். ஹைலக்ஸ், எல் 200, பஜெரோ ஆகியவற்றில் ஆறு நட், 139.7 மில்லிமீற்றர். ஜிம்னியில் அதே 139.7, ஆனால் ஐந்து நட். பழைய டிஃபென்டரில் ஐந்து நட், 165.1. ஆக ஹைலக்ஸ் ரிம் எல் 200 இல் ஏறிவிடும். பிரச்சினை நடுத்துளையில். டொயோட்டாவின் ஆறு நட் ரிம்மின் நடுத்துளை 106 மில்லிமீற்றர். பிந்திய மிட்சுபிஷிகளின் ஹப்போ 67 மில்லிமீற்றர் அளவு. டொயோட்டா ரிம்மை மிட்சுபிஷியில் போட்டால் நடுவில் பெரிய இடைவெளி. சில்லை நடுவில் நிறுத்தும் வேலை முழுவதும் நட்டுகளின் கூம்பு முனைக்குப் போகிறது. சில்லைத் தூக்கிப் பிடித்து, எதிரெதிர் நட்டுகளாகக் கொஞ்சங் கொஞ்சமாக இறுக்கினால் சமாளிக்கலாம். அவசரத்தில் ஒரு பக்கமாக இறுக்கிவிட்டால், 80 இல் போகும்போது ஸ்டியரிங் நடுங்கும். மறுபக்கம், மிட்சுபிஷி ரிம் டொயோட்டாவில் ஏறவே ஏறாது. லேத்தில் கொடுத்து 106 ஆகக் கடைந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவ்வளவு கடைந்தால் துளையின் விளிம்பு நட் உட்காரும் இடத்தை நெருங்கிவிடும்.

நட் பற்றியும் ஒரு சொல். இதைக் கவனிக்காமல் விடுபவர்கள் நிறையப் பேர். டொயோட்டாவின் கம்பனி அலோய் ரிம்களுக்கு வருகிற நட்டுகள் தட்டையான வாஷரோடு வருபவை. இரும்பு ரிம்முக்கு வேண்டியது முனை கூம்பான நட். அலோயைக் கழற்றி இரும்பை மாட்டி, பழைய தட்டை நட்டுகளையே இறுக்கினால் அது இறுகியது போலத்தான் இருக்கும். கூம்புக் குழியில் தட்டை நட் சரியாக உட்காராது. சில நாளில் தளரும். சில்லு கழன்று ஓடுவது இப்படித்தான். ஆகவே ரிம் வாங்கும்போதே நட்டுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரும்பு ரிம்முக்குப் புதிதாகப் பெயின்ற் அடிப்பவர்கள் நட் உட்காரும் கூம்பிலும், ஹப்போடு முட்டும் பின் தட்டிலும் தடிப்பாக அடிக்கக் கூடாது. அந்தப் பெயின்ற் நசுங்கி உதிரும்போது அதன் தடிப்பளவுக்கு நட் தளர்ந்துவிடும். எந்த ரிம்மானாலும் மாட்டி 50, 100 கிலோமீற்றர் ஓடிய பிறகு, வாகனக் கையேட்டில் சொன்ன அளவுக்கு டோர்க் ஸ்பானரால் மறுபடி இறுக்குவது கட்டாயம். ஸ்பானரின் மேல் ஏறி நின்று மிதிப்பது இறுக்குவது ஆகாது. அது போல்ட்டை இழுத்துக் கெடுப்பது.

பிறகு ஓஃப்செற். ரிம்மின் அகலத்துக்கு நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்போடு முட்டும் தட்டு எவ்வளவு வெளியே அல்லது உள்ளே இருக்கிறது என்ற கணக்கு. ரிம்மில் ஈ.டி. என்ற எழுத்தோடு மில்லிமீற்றரில் பொறித்திருக்கும். 30 இருந்த இடத்தில் 0 உள்ள ரிம்மைப் போட்டால், அதே அகலமான ரிம்மானாலும் ஒவ்வொரு சில்லும் 30 மில்லிமீற்றர் வெளியே வரும். வாகனம் அகன்று நிற்பது பார்க்க வடிவாகத்தான் இருக்கும். ஆனால் பாரம் ஹப் பெயாரிங்கை நெம்புகோல் போல மடக்கும். கல்லில் முன்சில்லு மோதினால் ஸ்டியரிங் கையை முறுக்கும். டயர் மட்கார்டுக்கு வெளியே நின்று வயற்சேற்றைக் கதவெல்லாம் அப்பும். பத்துப் பதினைந்து மில்லிமீற்றர் மாறினால் பரவாயில்லை. அதற்கு மேல் போக நல்ல காரணம் வேண்டும்.

இன்னொன்றையும் சோதிக்க வேண்டும்: பிறேக். இரும்பு ரிம்மின் உள்வளைவு அலோய் மாதிரி இருக்காது. வெளியே 16 அங்குலம் என்றாலும் உள்ளே முன் பிறேக் கலிப்பரில் உரசுகிற ரிம்கள் உண்டு. டயர் போடும் முன் வெறும் ரிம்மை மாட்டி, கையால் சுழற்றிப் பார்த்தால் இரண்டு நிமிட வேலை. டயர் போட்ட பிறகு தெரிந்தால் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார்.

ஒரு படி என்றால் எவ்வளவு?

245/70 ஆர் 16 என்ற அளவை எடுப்போம். டயரின் அகலம் 245 மில்லிமீற்றர். பக்கச் சுவரின் உயரம் அதில் 70 வீதம், அதாவது 171.5. ரிம்மின் விட்டம் 16 அங்குலம், அதாவது 406.4 மில்லிமீற்றர். மேலும் கீழும் இரண்டு பக்கச் சுவரைச் சேர்த்தால் முழு விட்டம் ஏறத்தாழ 749. இதே வழியில் பார்த்தால் 265/70 ஆர் 16 க்கு 777, 265/75 ஆர் 16 க்கு 804, 235/85 ஆர் 16 க்கு 806, 285/75 ஆர் 16 க்கு 834. புதிய டயர் தேடுபவர்கள் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம். கல்குலேற்றர் இல்லாத போன் இப்போது இல்லை.

245/70 இலிருந்து 265/75 க்குப் போனால் விட்டம் 55 மில்லிமீற்றர் கூடுகிறது. ஆனால் வாகனத்தின் வயிறு உயர்வது அதில் பாதி, 27 மில்லிமீற்றர்தான். ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். இதைக் கேட்டதும் பலர் முகம் வாடும். ஆனாலும் அந்த ஒரு அங்குலம், பின் அச்சின் நடுவில் பல்சக்கரங்களை மூடியிருக்கும் டிஃப் (டிஃபரன்ஷியல்) உருண்டையையும் சேர்த்து உயர்த்துகிறது. ஸ்பிரிங்குக்குக் கட்டை வைத்து உயர்த்தினால் உடம்புதான் உயரும், டிஃப் இருந்த இடத்திலேயே இருக்கும். டிஃப்பை உயர்த்த டயரைத் தவிர வேறு சுலபமான வழி இல்லை.

அந்த ஒரு அங்குலத்துக்கு நாம் கொடுப்பது 7 வீதம். ஸ்பீடோ மீற்றர் 60 காட்டும்போது உண்மையான வேகம் 64. மீற்றர் 100 கிலோமீற்றர் என்று எண்ணும்போது ஓடியது 107. (பழைய வாகனம் வாங்குபவர்கள் இதையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது, பெரிய டயரோடு பல வருடம் ஓடிய வாகனத்தின் மீற்றர், யாரும் கை வைக்காமலே, குறைத்துத்தான் காட்டும்.) டிஃப் விகிதம் 4.1 என்றால், 3.82 ஆக மாற்றியது போன்ற விளைவு. தார் வீதியில் எஞ்சின் சுழற்சி குறைவதால் சுகமாகத் தோன்றும். சேற்றிலோ மேட்டிலோ முதல் கியரில் ஊர்ந்து போகும்போது இழுவை குறையும். இறக்கத்தில் எஞ்சின் பிடித்து நிறுத்துவதும் குறையும். பிறேக்குக்கும் அதே கதி: சில்லின் ஆரம் கூடினால் அதே வாகனத்தை நிறுத்தப் பிறேக் கூடுதலாகப் பிடிக்க வேண்டும். 834 க்குப் போனால் இது 11 வீதம். அதற்குப் பிறகு டிஃப் பல்சக்கரம் மாற்றாமல் வாகனம் சந்தோஷமாக ஓடாது. அந்தச் செலவு டயர்ச் செலவைத் தாண்டிவிடும்.

என் கணக்கில் 3 அல்லது 4 வீதம் வரை யாருக்கும் பயமில்லை. 7 வீதம்தான் மேல் எல்லை. கந்தளாய்க்கும் மூதூருக்கும் வயல் பார்க்கப் போகிறவருக்கு, இரண்டுக்கும் நடுவில் எங்காவது நின்றுகொள்வது புத்தி. 804 அளவு உயரம் வேண்டும் என்றே வைத்துக்கொண்டாலும், 265/75 ஐவிட 235/85 எனக்குப் பிடிக்கும். உயரம் ஒன்றுதான், ஒடுக்கம் 30 மில்லிமீற்றர் கூட. வயற்சேற்றில் நன்றாக இறங்கும், திருப்பும்போது மட்கார்டில் உரசுவது குறைவு, மணலுக்குக் காற்றை இறக்கிக்கொள்ளலாம். தேடித்தான் எடுக்க வேண்டும் என்பது அதன் குறை.

ரிம்மின் அகலமும் டயரோடு ஒத்துப்போக வேண்டும். 265/75 ஆர் 16 க்கு 7 முதல் 8 அங்குல ரிம். ஜிம்னிக்காரர்கள் 235/75 ஆர் 15 போட ஆசைப்படுவதைப் பார்க்கிறேன். அந்த டயர் கேட்பது 6 அங்குலமோ அதற்கு மேலோ அகலமான ரிம்; ஜிம்னியில் வருவது 5.5. ஒடுங்கிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் அதன் அடிப்பாகம் நடுவில் புடைத்து, நடுப்பகுதி மட்டும் தேயும். அந்த வாகனத்துக்கு 215/75 தான் மரியாதையான அளவு.

உரசுகிறதா என்பதைச் சமதரையில் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். ஒரு முன்சில்லை மேட்டில் ஏற்றி, ஸ்டியரிங்கை முழுக்க இரண்டு பக்கமும் ஒடித்து, பின்னோக்கியும் எடுத்துப் பாருங்கள். பின்னோக்கி எடுக்கும்போதுதான் பல வாகனங்களில் டயர் மட்கார்டின் பின்மூலையைத் தொடும்.

அப்புறம் டயரின் வகை. எம்.டி. எனப்படும் சேற்று டயரின் பெரிய கட்டைகள் களிமண்ணை உதறிக்கொண்டு போகும். தார் வீதியில் இரைச்சல், வேகமான தேய்வு, ஈரத்தில் வழுக்கல். காய்ந்த மணலில் கொஞ்சம் அவசரப்பட்டு மிதித்தால் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். நிலாவெளிக்கும் தம்பலகாமத்துக்கும் ஒரே வாகனத்தில் போகிறவருக்கு, தார் வீதிக்கும் மண்ணுக்கும் பொதுவான ஏ.டி. டயர் போதும். எந்நாளும் சேற்றில் வேலை செய்யும் வாகனமானால் மட்டும் எம்.டி.

பாரம் ஏற்றுபவர்கள் பக்கச் சுவரில் உள்ள பாரக் குறியைப் பார்க்க வேண்டும். 112 என்றால் ஒரு டயர் 1120 கிலோ தாங்கும். 123 என்றால் 1550. எல்.டி. (லைட் ட்ரக்) என்று தொடங்கும் டயர்களின் பக்கச் சுவர் தடிப்பானது. நெல் மூட்டை ஏற்றிக் கிரவலில் ஓடுவதற்கு அது நல்லது, வெறுமையாக ஓடினால் உடம்பு குலுங்கும். பாவித்த டயர் வாங்குவதானால் கட்டையின் உயரத்தோடு வயதையும் பாருங்கள். பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்தது. பளபளப்பாகக் கறுப்பு மை பூசியிருந்தால் மையைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். கட்டைகளுக்கு நடுவில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

நாலு டயரும் ஒரே அளவு, ஒரே வகை, கிட்டத்தட்ட ஒரே தேய்வு. ஃபோர் வீல் போட்டு ஓடும்போது முன்னும் பின்னும் விட்டம் வேறாக இருந்தால், முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்பர் கேஸும் டிஃப்பும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். மணலிலும் சேற்றிலும் சில்லு கொஞ்சம் வழுக்கி அந்த முறுக்கை விட்டுவிடும். கெட்டியான தரையில் விடாது, ஏதாவது ஒரு பல் உடையும். ஸ்பெயார் சில்லுக்கும் இதே கணக்கு. ஐந்தாவதாகப் பழைய சின்ன டயரை வைத்துக்கொள்ளலாம் என்ற சிக்கனம் பின் சில்லில் போட்ட அன்றைக்கே டிஃப்பில் கை வைக்கும்.

டபுள் கேப்பின் பெட்டிக்கு அடியில் ஸ்பெயார் தொங்கும் இடத்தை வாங்கும் முன் அளந்து பாருங்கள். 804 அளவு டயர் சில வாகனங்களில் அங்கே போகாது, பெட்டிக்குள் கட்ட வேண்டி வரும். நமது வாகனப் பதிவுச் சான்றிதழில் டயர் அளவுக்கென்றும் ஒரு கட்டம் இருப்பதால், அளவு மாற்றுபவர்கள் காப்புறுதிக் கம்பனியிடம் எழுத்தில் கேட்டுவைப்பது நல்லது. வாகனத்தோடு வந்த ஜக் புதிய உயரத்துக்கு எட்டுகிறதா என்பதையும் வீட்டு முற்றத்திலேயே ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட வேண்டும். எட்டாவிட்டால் உயரமான ஜக் ஒன்று, அதோடு மணலில் அது இறங்காமலிருக்க அடியில் வைக்க ஒரு தடித்த பலகை.